முடிக்கப்பட்ட பள்ளம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த வைத்தியங்களிலேயே மகத்தானது 'ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க' என்பதுதான். பத்தியம் கிடையாது, பக்கவிளைவு கிடையாது. குணமாகவில்லை என்றால் வைத்தியரைக் குறை சொல்லவும் வழி கிடையாது. நீங்கள்தான் சரியாக ஆஃப் பண்ணியிருக்க மாட்டீர்கள். இந்த மகா வைத்தியத்தைத் திண்டிவனம் பச்சையம்மன் கோயில் தெருவில் முழு நம்பிக்கையோடு பரீட்சித்துப் பார்த்த பெருமை திரு. துரைக்கண்ணு அவர்களையே சாரும்.

துரைக்கண்ணுவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் மனுவே கொடுக்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஓர் அலுவலகத்தில் குறைதீர்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் அவர். பொதுமக்கள் இணையத்தில் அனுப்பும் மனுக்கள் எல்லாம் அவருடைய கணினியில் வந்து விழும். விழுந்த மனு மறுநாள் உயிரோடு இருந்ததாகச் சரித்திரம் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுதினால், 'நண்பகலில் ஆய்வு செய்ததில் தெருவில் போதிய வெளிச்சம் உள்ளது. மனு முடிக்கப்பட்டது' என்று பதில் போகும். நாய்த் தொல்லை என்று இன்னொருவர் எழுதினால், 'ஆய்வின்போது நாய் எதுவும் கடிக்கவில்லை. மனு முடிக்கப்பட்டது.' ஆய்வுக்கு அவர் எங்குமே போனதில்லை என்பதால், நாய் கடிக்காதது உண்மைதான். பொய் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவர் மனைவி அம்சா வீட்டில் இருந்தபடியே இணையத்தில் ஆரி ஒர்க் சொல்லிக்கொடுத்து வந்தாள். ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் தைக்கிற வேலை அது. இந்தக் காலத்தில் அந்த வேலைப்பாடு இல்லாத ரவிக்கையோடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் சமையல்கட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். துபாயிலும் கோலாலம்பூரிலும் கூட்டேரிப்பட்டிலும் அம்சாவுக்கு மாணவிகள் இருந்தார்கள். "அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு" என்று துரைக்கண்ணு நண்பர்களிடம் சொல்வார். அந்தப் பொழுதுபோக்கில்தான் வீட்டுக்கு மாடி அறை எழும்பியது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்.

முதல் அணி மாணவிகளுக்கு வெள்ளிக்கிழமை மாலை 'பட்டமளிப்பு விழா' என்று அம்சா அறிவித்திருந்தாள். எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாங்களே வேலைப்பாடு செய்த ரவிக்கையோடு கேமரா முன்னால் உட்கார வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சேருவோமா வேண்டாமா என்று முடிவு செய்ய அடுத்த அணி காத்திருந்தது. அதே வாரம் திங்கட்கிழமை, கடைசிப் பாடம் நடக்கும்போது இணையம் செத்தது.

செத்த நேரம் பொல்லாத நேரம். "ஊசிய இப்படிக் குத்தி" என்று அம்சா வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு உலகம் முழுவதும் உறைந்துபோனாள். குறும்புக்கார மாணவி ஒருத்தி அதைப் படம் பிடித்துக் குழுவில் ஸ்டிக்கராக விட்டாள். அரை மணிக்குள் கோலாலம்பூர் வரை எல்லாரும் கொட்டாவிக்குப் பதிலாக ஆசிரியையை அனுப்பத் தொடங்கினார்கள்.

"ஏங்க! நெட்டு பூட்சுங்க!"

துரைக்கண்ணு செய்தித்தாளை மடித்து வைத்தார். வீட்டின் 'தொழில்நுட்பத் தலைமை' அவர்தான். யாரும் நியமிக்கவில்லை, பொறுப்பு அவராக ஏற்றுக்கொண்டது. ரவுட்டர் முன்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை 'மேற்பார்வை' செய்தார். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு கண்சிமிட்டியது.

"சிவப்பு லைட்டு எரியுது" என்று கண்டறிந்து அறிவித்தார்.

"அது எனக்கும் தெரியுது. என்னா பண்றது?"

முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். பிறகு, ரவுட்டருக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று தீர்ப்பளித்து, அம்சா அதற்கு ஆசையாகப் பூ வேலை செய்து போட்டிருந்த உறையைக் கழற்றினார். டிவிக்கு மேல் இருந்ததை ஃபிரிட்ஜுக்கு மேல் 'இடமாற்றம்' செய்தார். அங்கேயும் அது ஒத்துழைக்காததால் பூஜை அறைக்கு மாற்றிக் கிழக்குப் பார்த்து வைத்தார். கடைசியாக, பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருப்பதைக் கண்டு அதில் ஊக்கை விட்டு அழுத்தினார். எல்லா விளக்குகளும் ஒரு தரம் அணைந்து எரிந்தன. ரவுட்டர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் பூர்வ ஜென்மத்தையும் மறந்து, பிறந்த குழந்தைபோல் நின்றது. சிவப்பு மட்டும் நினைவிருந்தது.

"போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றாள் அம்சா.

அந்தத் தெருவில் செல்போன் சிக்னல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். அதுவும் ஒரே ஒரு கோடு. பேச்சு போகும், படம் போகாது. துரைக்கண்ணு மேலே ஏறி, இணைப்புக் கொடுத்திருந்த 'வாயுவேகம்' கம்பெனியைக் கூப்பிட்டார்.

"வணக்கம், வாயுவேகம் வாடிக்கையாளர் சேவை, நான் தேவா பேசறேன். உங்க நாள் எப்படி இருக்கு சார்?"

"மோசமா இருக்குப்பா. நெட்டு இல்ல."

"கேக்க ரொம்ப சந்தோஷமா இருக்கு சார். ரவுட்டர்ல என்ன லைட் எரியுது?"

"சிவப்பு."

"பச்சை எரியணுமே சார்."

"அதத்தாம்பா நானும் சொல்லிக்கினு இருக்கேன்."

"ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணிட்டேம்பா."

"அது நீங்களா பண்ணது சார். இப்ப நான் சொல்லிப் பண்ணுங்க."

இந்த வாதத்தில் இருந்த முறைமை துரைக்கண்ணுவுக்குப் பிடித்திருந்தது. கைப்பிடிச் சுவரில் குனிந்து, "அம்சா! ஆஃப் பண்ணு!" என்று கத்தினார். கீழே அம்சா ஆஃப் பண்ணினாள். பக்கத்து வீட்டுத் தையல்நாயகியும் தன் தண்ணீர் மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டு, "எதுக்குண்ணா?" என்று கேட்டாள். "ஆன் பண்ணு!" இரண்டு வீட்டிலும் ஆன் ஆயிற்று. தையல்நாயகி வீட்டில் தண்ணீர் வந்தது.

"இன்னும் சிவப்புதாம்பா."

"அப்ப புகார் பதிவு பண்ணணும் சார். எங்க ஆப்ல போய், 'நெட் வரவில்லை'ங்கிறத அழுத்தி, ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, அத இணைச்சு அனுப்பிடுங்க."

"நெட்டு இல்லாம எப்படிப்பா ஸ்பீடு டெஸ்ட் எடுக்கறது?"

"அது வேற புகார் சார். அதுக்கு ஆப்ல வேற பட்டன் இருக்கு."

போன் வைத்த கையோடு குறுஞ்செய்தி வந்தது: 'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் குறை வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.'

துரைக்கண்ணு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். முதலில் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு சங்கீத வித்வான், தெருமுனையில் யாரோ தன் ராகத்தைத் தன்னைவிடச் சுத்தமாகப் பாடக் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு. அவராவது ஒரு மனுவை முடிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்வார். இவர்கள் போன் வைக்கும் முன்பே முடித்துவிட்டார்கள்!

மறுநாள் உள்ளூர்க் கிளைக்குப் போனார்கள். லைன் விழுப்புரத்திலிருந்து வருவதால் விழுப்புரத்தில்தான் கேட்க வேண்டும் என்றார்கள் அங்கே. அதனால் புதன்கிழமை துரைக்கண்ணு லீவு போட்டார். ரவுட்டரை ஒரு கட்டைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு, இருவரும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அம்சா இன்னொரு பையில் ஆரிச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டாள்.

கிளை மேலாளர் பிரபாவதி சிரித்த முகத்தோடு வரவேற்றாள். குளிர்சாதன அறை. அவள் தலைக்கு மேலே பெரிய திரையில் 'நிலுவைப் புகார்கள்: 0' என்று பொன்னிற எழுத்துகள் மின்னின. அதைக் கண்டதும் துரைக்கண்ணு கோயிலில் நிற்பதுபோல் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனார்.

"உங்க ரவுட்டர் திண்டிவனத்துல இருக்கறதுதானே சார்? அப்ப திண்டிவனத்துலதான் சொல்லணும்" என்றாள் பிரபாவதி.

"அவங்க இங்க அனுப்பிச்சாங்கம்மா. ரவுட்டரும் இப்ப இங்கதான் இருக்குது" என்று அம்சா பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஆனா மேடம், சிஸ்டத்துல உங்க ஏரியாவுல புகாரே இல்லயே."

"நெட்டு இல்லாதவங்க உங்க ஆப்ல எப்படிம்மா புகார் போடுவாங்க?"

"நெட் வந்ததும் போடலாம் மேடம்."

"வந்ததுக்கு அப்புறம் என்னாத்துக்குப் புகாரு?"

"பாத்தீங்களா? உங்களுக்கே புகார் இல்ல. அதான் ஜீரோ."

துரைக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. "எவ்வளவு நேர்த்தி! எங்க ஆபீசுல இன்னும் மனு வாங்கி முடிச்சிக்கினு இருக்கோம். நீங்க வாங்கறதுக்கு முன்னாலயே முடிச்சிடறீங்க. உங்க மென்பொருளு யாரு செஞ்சதும்மா?"

அம்சா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வரவேற்பறைக்குப் போய், நாற்காலியில் சட்டத்தைச் சாய்த்து, துணியைக் கட்டி, ஊசியை எடுத்து மயில் ஒன்றைத் தைக்கத் தொடங்கினாள். "ஆளு வர்றவரைக்கும் நான் இங்கயே வேலை பாத்துக்கினு இருக்கேம்மா" என்றாள் பிரபாவதியிடம். வேறு புகாரோடு வந்திருந்த பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். "இது எப்படிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். மயிலுக்குக் கழுத்து முளைப்பதற்குள் கூட்டம் வாசல்வரை நின்றது. புகாரே இல்லாத அலுவலகத்தில் இவ்வளவு கூட்டம் இருப்பதை மேலிடத்து ஆள் யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று பிரபாவதிக்கு உதறல் எடுத்தது.

"நாளைக்குக் காலையில லைன்மேன் வருவாரு மேடம். தயவுசெஞ்சு மயில மடிச்சு வைங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அம்சா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது கணவர் பக்கம் திரும்பினாள்.

"அவங்களப் பாராட்டிட்டு வர்றதுக்குத்தான் லீவு போட்டுக்கினு வந்தீங்களா?"

"நான் எதார்த்தமா சொன்னேன் அம்சா."

"அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே 'உங்களுக்குப் புகாரு இல்ல'ன்னுது பாருங்க. அப்ப எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. உங்க ஆபீசுல மனு குடுத்துட்டுப் போறவங்களுக்கும் இப்படித்தானே எரியும்?"

துரைக்கண்ணு இந்தக் கேள்வியை 'உரிய பிரிவுக்கு' அனுப்பலாமா என்று யோசித்தார். பஸ்ஸில் வேறு பிரிவு இல்லை. ரவுட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை லைன்மேன் பச்சைமுத்து வந்தார். ரவுட்டர் பக்கமே போகவில்லை. நேராகத் தெருக்கோடிக்கு நடந்தார். பின்னாலேயே துரைக்கண்ணுவும் அம்சாவும் போனார்கள். அங்கே குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. தோண்டியவர்கள் போய்விட்டார்கள், குழாய் வரவே இல்லை. மழைத்தண்ணீர் நிறைந்து, அதில் வாத்து மேய்க்கலாம் போலிருந்தது. துரைக்கண்ணு அலுவலகத்துக்குத் தெருவின் மறுகோடி வழியாகப் போகிறவர் என்பதால், தன் தெருவில் இப்படி ஒரு நீர்நிலை இருப்பது அவருக்குப் புதுச் செய்தி.

"கரை சரிஞ்சு கேபிள அறுத்துருச்சுங்க. பள்ளத்த மூடினா மேலாக்க இழுத்து ஒட்டிடுவேன்" என்றார் பச்சைமுத்து.

"நீயே மூடிடேம்பா" என்றார் துரைக்கண்ணு.

"பள்ளம் எங்க கம்பெனியோடது இல்லீங்க சார். அறுந்த கேபிள்தான் எங்களோடது. நீங்க மூடி வச்சிட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

அம்சா மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டி நின்று, அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் அரசாங்கத்துக்குக் குறுஞ்செய்தியாக ஒரு மனு அனுப்பினாள்: 'எங்கள் தெருப் பள்ளத்தை மூடித் தரவும்.'

வெள்ளிக்கிழமை காலை அந்த மனு துரைக்கண்ணுவின் திரையில் வந்து விழுந்தது. விரல் பழக்கதோஷத்தில் 'முடிக்கப்பட்டது' பொத்தான் வரை போய்விட்டது. மனுதாரர் பெயர் கண்ணில் பட்டது. விரல் அங்கேயே நின்றது. மாலை விழா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு துபாயிலிருந்து பெண்கள் காத்திருப்பார்கள். அம்சா திரும்பவும் திறந்த வாயோடு உறைந்து நிற்பாள்.

இந்த ஒரு மனுவை உண்மையிலேயே தீர்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. எப்படித் தீர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருட சர்வீசில் அந்தப் பக்கமே போனதில்லை.

உதவியாளர் சேரனைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஒரு பள்ளம் இருக்குதுன்னா அத யாரு மூடுவாங்க?"

சேரன் குழம்பினான். "மூடறதா சார்? முடிக்கறதா?"

"மூடறது."

"முடிக்கறது நாமதான் சார். மூடறது யாருன்னு தெரியல." திரையை எட்டிப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. "சார், இந்தப் பள்ளமா? இத நாம ஏற்கெனவே ரெண்டு மூணு தடவ முடிச்சிருக்கோமே! தையல்நாயகின்னு ஒரு அம்மா அனுப்பிக்கினே இருந்தாங்க. நீங்கதான் சார், 'ஆய்வு செய்ததில் பள்ளம் இருப்பது உறுதி செய்யப்பட்டது. மனு முடிக்கப்பட்டது'ன்னு சூப்பரா எழுதுனீங்க."

துரைக்கண்ணுவுக்குக் காது சுட்டது. தொலைபேசியை எடுத்துக் குழாய்க்காரர்களைக் கேட்டார்; தோண்டுவதுதான் எங்கள் வேலை என்றார்கள். சாலைக்காரர்களைக் கேட்டார், சாலை இருந்தால்தான் எங்கள் வேலை, அங்கேதான் பள்ளம் இருக்கிறதே என்றார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டார்.

"ஒரு மனு போட்டு விடுங்க சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"போட்டா?"

"துரைக்கண்ணுன்னு ஒருத்தர் இருக்காராம் சார். அவராண்ட போச்சுன்னா ஜல்தியா முடிச்சிடுவாராம்."

துரைக்கண்ணு போனை வைத்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அம்சாவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. அன்று அவர் தெருவின் பள்ளம் இருந்த கோடி வழியாக வந்தார்.

பள்ளத்தைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம். தையல்நாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். யாரோ வீடு இடித்த செங்கல் குப்பையை வேர்க்கடலை வாசம் போகாத மல்லாட்டைச் சாக்குகளில் கட்டி இழுத்து வந்தார்கள். நடுவில் அம்சா, முழங்கால்வரை சேறு, கையில் மண்வெட்டி.

"என்னாங்க, மதியத்துலயே வந்துட்டீங்க? என் மனு என்னாச்சு?"

"யாரு மூடணும்னு தெரியல அம்சா." அவர் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தார். "நெஜமாவே தெரியல."

அம்சா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் ஒரு இரும்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னுதான் நாங்க எறங்கிட்டோம். அந்தச் சட்டைய கழட்டிட்டு இத எடுத்துக்கினு வாங்க."

துரைக்கண்ணு மண் சுமந்தார். முதல் நடையிலேயே இடுப்பு பிடித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்தது. "அண்ணா, ஆய்வு செஞ்சது போதும், சட்டிய கொட்டுங்க!" என்று தையல்நாயகி கத்த, தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். தண்ணீர் வற்றி, செங்கல் நிறைந்து, மேலே மண் விழுந்து, பள்ளம் இருந்த இடம் தரையாயிற்று. அதன்மேல் அவர் ஏறி நின்று பார்த்தார். ஒரு மனு முடிவதை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார்.

பச்சைமுத்து சொன்னபடி வந்து கேபிளை இழுத்து ஒட்டினார். மறந்துபோன பாஸ்வேர்டையும் புதிதாகப் போட்டுக்கொடுத்தார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மாலையில் பட்டமளிப்பு விழா நடந்தது. நகத்தில் சேறு போகாத கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டு, அம்சா ஒவ்வொரு மாணவியின் பெயரையும் வாசித்தாள். கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தி, "டீச்சர், நீங்க இல்லன்னா நான் இன்னும் வீட்ல சும்மாதான் ஒக்காந்திருப்பேன்" என்று சொல்லி அழுதாள். துரைக்கண்ணு கேமராவில் படாமல் கதவோரம் நின்று, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை அவர் அதன்பிறகு எங்கும் பயன்படுத்தவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு மனிதன் திருந்திய கதையாகப் போயிருக்கும். ஆனால் துரைக்கண்ணு கடமை தவறாதவர் அல்லவா? திங்கட்கிழமை, மூடிய பள்ளத்தின் படத்தை இணைத்து மனுவை முடித்தார். பள்ளம் மூடியே இருக்கிற படத்தை மேலிடத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. வியந்துபோனார்கள். 'இந்த அரிய முறையை மாவட்டம் முழுவதும் நடைமுறைப்படுத்த உடனே ஒரு சுற்றறிக்கை தயாரித்து அனுப்பவும்' என்று அவருக்கே உத்தரவு வந்தது.

அன்று மாலை துரைக்கண்ணு தான் எழுதிய சுற்றறிக்கையை அம்சாவிடம் பெருமையோடு நீட்டினார். புது அணிக்குப் பாடம் நடத்திவிட்டு ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் வாங்கி வாய்விட்டுப் படித்தாள்:

"'பள்ளங்களை மூடக் கோரும் மனுதாரர்கள், பள்ளத்தைத் தாங்களே மூடி, மூடிய பள்ளத்தின் புகைப்படத்தை மனுவுடன் இணைத்து அனுப்பினால், மனுமீது உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்.'"

"எப்படி?" என்றார் துரைக்கண்ணு.

"நல்லா இருக்குது. ஒரு வரி மட்டும் வுட்டுட்டீங்க."

"என்னா வரி?"

"மாசக் கடைசியில உங்க சம்பளத்தையும் மனுதாரரே வந்து வாங்கிக்கலாம்னு சேத்துக்கோங்க."